போட்டோ பெரிது, தேதி சிறிது: அரசாங்கம் பேஸ்புக்கில் சொன்னால் லயத்துக்குக் கேட்குமா?

பெரியாறு ஜீப்காரன் (வண்டிப்பெரியாறு)

எங்கள் லயத்தில், அதாவது தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எதிர்வீட்டுப் பாட்டிக்கு இரண்டு மாதம் பென்ஷன் வரவில்லை. அப்போது மாதம் 1,600 ரூபாய். கேரளாவில் பென்ஷன் வாங்குகிறவர்கள் 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று அக்ஷயா சென்டர் என்கிற இ-சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும், மஸ்டரிங் என்பார்கள், இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். பாட்டி போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், யாரும் சொல்லவில்லை என்கிறார். ஆபீசில் போய்க் கேட்டேன். 'பேஸ்புக்கில் போட்டோமே, பார்க்கவில்லையா' என்றார் அங்கே இருந்தவர். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அந்தப் போஸ்டைத் தேடிப் பிடித்தேன். மேல்பாதி முழுக்க ஒரு தலைவர் சிரிக்கிறார். அவருக்குக் கீழே மலையாளத்தில் கொட்டை எழுத்தில் 'நாங்கள் உங்களோடு' என்கிற மாதிரி ஒரு வரி. கடைசித் தேதி எங்கே என்று பார்த்தால் படத்தின் அடியில், பச்சைப் பட்டையில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. இதே படம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், ஆனால் யாரோ அனுப்பும்போது கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு அந்தப் பச்சைப் பட்டையே இல்லை. தலைவர் மட்டும் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார்.

என் கேள்வி ஒன்றுதான். போட்டுவிட்டால் சொன்னதாக ஆகிவிடுமா?

செல்போன் தம்பி (குமுளி)

அண்ணாச்சி, பாட்டி விஷயம் கஷ்டம்தான், அதற்காகப் பேஸ்புக்கைத் திட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கும் இடத்தைப் போட்டுப் போட்டுத்தானே படகு வந்தது. தன்னார்வ இன்ஜினியர் பையன்கள் அரசாங்கத்தோடு சேர்ந்து கேரளாரெஸ்க்யூ என்று ஒரு தளம் போட்டார்கள், அதில் பதிந்த பெயர்களைப் பார்த்து ஆள் அனுப்பினார்கள். அப்போது எனக்குப் பதினாறு வயது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து நம்பர் சரிபார்த்தேன்.

சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அரபு நாட்டில் பாஸ்போர்ட் இல்லாமல் நின்றவர்கள் எத்தனை பேர் ட்விட்டரில் கூப்பிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். 2017ல் ஒருவர் செவ்வாய் கிரகத்தில் மாட்டிக்கொண்டேன் என்று கிண்டலாகப் போட, அங்கேயும் இந்தியத் தூதரகம் உதவும் என்று பதில் போட்ட அம்மா அவர். சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சராக இருந்தபோது ஓடுகிற ரயிலில் குழந்தைக்குப் பால் வந்தது. இதெல்லாம் மனுப் பெட்டியில் போட்டு நடக்கிற காரியமா?

கம்பம் திராட்சை (கம்பம்)

தம்பி சொன்ன உதாரணம் எல்லாம் ஒரே ரகம். ட்வீட் போட்டவருக்குப் போன் இருந்தது, சிக்னல் இருந்தது, பெரும்பாலும் இங்கிலீஷும் இருந்தது. அமைச்சர் ஒருவர் மனசு வைத்தார், நடந்தது. மனசு வைக்கிற அமைச்சர் மாறிவிட்டால்? நான் குறை சொல்லவில்லை, அந்த அம்மா மாதிரி இன்னொருவர் வந்தாரா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. 2021 அக்டோபர். முல்லைப் பெரியாறு அணையை இடிக்க வேண்டும் என்று ஒரு ஹேஷ்டேக், கேரளாவில் சினிமா நடிகர்கள் எல்லாம் எடுத்துப் போட்டார்கள். இங்கே தேனிப் பக்கம் உருவபொம்மை எரித்தார்கள். குமுளி மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நம்ம சொந்தக்காரர்கள், ஏலத்தோட்டத்துக்கு தினமும் ஜீப் ஏறுகிற பெண்கள் இரண்டு பக்கமும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பினராயி விஜயன் சட்டசபையிலேயே எழுந்து, அணைக்கு ஆபத்து இல்லை, பீதி கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை வரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதே மாதம் 29ஆம் தேதி ஷட்டர் திறந்தார்கள். எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று முதல் நாளே தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் தெளிவாக வந்திருந்தால் பாதி வதந்தி செத்திருக்கும். அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2014ல் சொன்னது, அந்த எண் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது இன்றைக்கு எத்தனை அடி என்பதுதான்.

இன்னொன்று. ஓணத்துக்கு முதலமைச்சராக ஸ்டாலின் மலையாளத்தில் வாழ்த்துப் போட்டார், நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னார்கள். ஆனால் வாழ்த்து என்றால் அடுத்த வீட்டு மொழி வாயில் வருகிறது, எச்சரிக்கை என்றால் மட்டும் வர மாட்டேன் என்கிறது.

லயத்து மகள் (மூணாறு)

சிக்னல் என்று ஒருவர் சொன்னதால் எழுதுகிறேன், இல்லாவிட்டால் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

இங்கே மூணாறு பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. மண் சரிந்து லயங்கள் அப்படியே போயின. 70 பேர். எல்லாரும் நம்ம ஆட்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து கொழுந்து பறித்த குடும்பங்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை. வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அன்றைக்கு ராத்திரி எத்தனை பக்கத்தில் ரெட் அலர்ட் படம் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்தால் என்ன, அங்கே யார் பார்த்திருக்க முடியும். இரவிகுளம் காட்டுக்குப் பக்கத்தில் மழையில் ஒரு டவர் செத்துவிட்டால் அந்த ஊரே அரசாங்கத்தின் கண்ணிலிருந்து போய்விடுகிறது.

ஆனால் தம்பிக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 7ஆம் தேதி சாயங்காலம் கரிப்பூரில், கோழிக்கோடு ஏர்போர்ட்டில், விமானம் விழுந்தது. முதலமைச்சர் மறுநாளே அங்கே போனார், அங்கே இறந்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். எங்களுக்கு 5 லட்சம், அவர் பெட்டிமுடிக்கு வந்தது 13ஆம் தேதி. தொழிலாளி உயிர் பாதி விலையா என்று கேட்டது முதலில் பத்திரிகை இல்லை. எங்கள் பிள்ளைகள் பேஸ்புக்கில் கேட்டார்கள், மலையாளிப் பிள்ளைகளும் சேர்ந்து கேட்டார்கள். ஆக மேலேயிருந்து கீழே வருவதற்கு அது உதவவில்லை, கீழேயிருந்து மேலே கத்துவதற்கு உதவியது. கத்தினதால் கிடைத்ததா என்பது வேறு கதை.

கொழிஞ்சாம்பாறை பழைய கிளார்க் (சித்தூர் தாலூக்கா, பாலக்காடு)

முப்பத்து மூன்று வருஷம் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். ஜீப்காரர் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆகாது. உத்தரவு என்றால் அதற்கு ஒரு எண் உண்டு, தேதி உண்டு, கையெழுத்து உண்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டினதற்கு அடையாளம் உண்டு. போஸ்டுக்கு என்ன உண்டு? லைக் உண்டு. நாளைக்கு அழித்துவிட்டால் ஒட்டின பசைகூட மிஞ்சாது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் நமக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தமிழரும் கன்னடரும் அரசாங்கத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அரசு ஆபீசுக்கும் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். தமிழ் மனுவை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியது நானே எத்தனையோ உண்டு. பதில் தமிழில் போக வேண்டும் என்று டைப்பிஸ்டைத் தேடி அலைந்ததும் உண்டு, சில நேரம் நானே கையால் எழுதி அனுப்பினேன், என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். பேப்பரில் எழுதினால் எனக்கு ஒரு உரிமை. அதே வார்த்தையைப் பக்கத்தின் கீழே கமெண்டாகப் போட்டால் அது மனுவும் இல்லை, ஒன்றும் இல்லை, சட்டம் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆபீஸ் மட்டும் ரொம்ப சுகமாகப் பேப்பரிலிருந்து போனுக்கு இடம் மாறிவிட்டது, நம்ம உரிமை பேப்பரிலேயே படுத்திருக்கிறது.

ஜீப்காரரே, பாட்டி பெயரில் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

செல்போன் தம்பி

ரசீது எல்லாம் சரி சார். ஆனால் கோழிக்கோட்டில் கலெக்டராக இருந்தபோது பிரசாந்த் நாயர் பேஸ்புக்கில்தானே கூப்பிட்டார், குளத்தைத் தூர் வாருகிறவர்களுக்குப் பிரியாணி என்று? ஜனங்கள் வந்து அள்ளினார்களா இல்லையா? 'கலெக்டர் ப்ரோ' என்று பெயரே வந்துவிட்டது. கேரளா போலீஸ் பக்கத்தை மலையாளப் பட மீம் பார்க்கவே பத்து லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்தார்கள், ஹெல்மெட் போடு என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் கேட்காதவன் மீம் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்கிறான்.

கொழிஞ்சாம்பாறை பழைய கிளார்க்

அதே கலெக்டர் ப்ரோ 2024 நவம்பரில் சஸ்பெண்ட் ஆனதும் பேஸ்புக் போஸ்டால்தான் தம்பி. மேலதிகாரியைப் பற்றி எழுதினார் என்று. அவர் பக்கம் நியாயமா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. பிரியாணிக்குக் கூப்பிடும்போது அரசாங்கத்தின் குரல், குறை சொல்லும்போது தனி ஆள், இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

பாறசாலை வக்கீல் (களியக்காவிளைக்குப் பக்கம்)

அந்தக் கோட்டை அமெரிக்காவில் போட்டுப் பார்த்தார்கள். மிச்சிகனில் போர்ட் ஹியூரான் என்று ஒரு ஊர், அதன் நிர்வாகி தன் பேஸ்புக் பக்கத்தில் குடும்பப் படமும் போடுவார், ஊர் வேலையும் போடுவார். கொரோனா சமயத்தில் குறை சொன்ன ஒருவரை பிளாக் செய்துவிட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அரசாங்கத்தின் சார்பில் பேச அவருக்கு உண்மையில் அதிகாரம் இருந்ததா, அந்தப் போஸ்டில் அந்த அதிகாரத்தை எடுத்துத்தான் பேசினாரா, இரண்டும் இருந்தால்தான் அது அரசாங்கத்தின் செயல் என்றார்கள். நம்ம ஊர் எம்.எல்.ஏ. பக்கங்களை இந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? காலையில் கோயில் தரிசனம், மத்தியானம் கட்சி ஊர்வலம், நாலு மணிக்கு 'நாளை குடிநீர் வராது', ராத்திரி எதிர்க்கட்சிக்குத் திட்டு. எல்லாம் ஒரே இடத்தில். திட்டு பிடிக்காமல் பக்கத்தைவிட்டு வெளியே வந்தவனுக்குத் தண்ணீர் வராத செய்தியும் போய்விடுகிறது.

என்னை ஒரு பிரதிநிதியின் பக்கத்தில் பிளாக் செய்திருக்கிறார்கள். ரோட்டுக் குழியைப் படம் எடுத்துப் போட்டதுதான் குற்றம். யார் என்று இங்கே சொல்லவில்லை. அவரை நேரில் கல்யாண வீட்டில் பார்த்தேன், 'அப்படியா வக்கீலே, எனக்குத் தெரியாதே, பையன்தான் பார்த்துக்கொள்கிறான்' என்றார். பையனுக்கு இருபத்து மூன்று வயது. என் ரோட்டுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற அரசாங்கம் இப்போது அந்தப் பையன்தான்.

பக்கம் ஆளுக்கா, பதவிக்கா என்பது இன்னொரு சிக்கல். 2014 மே மாதம் மன்மோகன் சிங் போனபோது பிரதமர் அலுவலகத்தின் ட்விட்டர் கணக்கு யாருக்கு, பழைய ட்வீட் எங்கே போகும் என்று பெரிய சண்டையே நடந்தது, பழையதைத் தனிப் பெயரில் எடுத்து வைத்தார்கள். டெல்லியிலேயே அப்படி என்றால் நம்ம பஞ்சாயத்தில் பிரசிடென்ட் தோற்றால் பக்கத்தின் பாஸ்வேர்டு அவர் வீட்டுக்கே போய்விடும்.

ஒரு பாராட்டும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள், சமூக வலைத்தளத்தில் அவதூறாகப் போட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று. நாலா பக்கமும் எதிர்ப்பு. சில நாளில் பின்வாங்கினார்கள். அந்த எதிர்ப்பில் பாதி பேஸ்புக்கிலேயே நடந்தது.

நகரி நெசவு (நகரி, ஆந்திரா)

இது மலையாளச் சண்டை என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள் அண்ணா. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தறியில் இரண்டும். ஆந்திராவில் 2025 ஜனவரி 30 அன்று 'மன மித்ரா' என்று வாட்ஸ்அப்பிலேயே அரசு சேவை ஆரம்பித்தார்கள், தொடங்கும்போதே 161 சேவை. நான் ஒரு சான்றிதழுக்கு அதில் போட்டேன். பட்டனைத் தட்டத் தட்டக் கேள்வி வருகிறது, கடைசியில் ஒரு எண் வருகிறது. வக்கீல் சாரும் கிளார்க் சாரும் சொல்கிற ரசீது இதுதானே? லைக் இல்லை, தலைவர் சிரிப்பு இல்லை, எதிர்க்கட்சித் திட்டு இல்லை. பேச்சு வேறு, வேலை வேறு என்று பிரித்துவிட்டால் போன் நல்லதுதான்.

என் மாமியாருக்கு அது முடியவில்லை. தெலுங்கு பேசுவார், வாசிக்க வராது. தமிழ் பட்டன் இருந்தால் அவரே தட்டுவார். இப்போது நான்தான் அவருக்குப் பட்டன்.

கம்பம் திராட்சை

மாமியாருக்குப் பட்டன், நல்ல பெயர்.

எங்கள் ஊரில் முன்னால் தண்டோரா போடுவார்கள். ஒரு ஆள் தெரு முனையில் நின்று பறையடித்து, 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று ஆரம்பிப்பார். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டார், ஒலிபெருக்கி கட்டின வண்டி போதும் என்று. நிறுத்தினது சரிதான், யாரை அந்த வேலைக்குத் தள்ளினார்கள், எப்படி நடத்தினார்கள் என்று நமக்குத் தெரியும், அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். தெருவில் சொன்னால் வாசலில் இருக்கிறவர் 'என்னப்பா சொன்ன, எந்தக் கிழமை' என்று திரும்பக் கேட்கலாம். வண்டியை நிறுத்திக்கூடக் கேட்கலாம். போஸ்டில் கேட்டால் எனக்கு முன்னால் நானூறு பேர் கைகூப்பின பொம்மை போட்டிருக்கிறார்கள், என் கேள்வி அதற்கடியில் புதைந்து கிடக்கிறது.

லயத்து மகள்

கமெண்ட் என்றதும் சிரிப்பு வருகிறது. மழைக்காலத்தில் கலெக்டர்கள் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவு கேட்டு அழுகிறார்கள். 2022ல் ஆலப்புழா கலெக்டராக வந்த கிருஷ்ண தேஜா முதல் உத்தரவே உங்களுக்கு லீவுதான் என்று குழந்தைகளுக்குப் போட்டு ஹீரோ ஆகிவிட்டார். அதே வாரம் எர்ணாகுளத்தில் காலை எட்டரை மணி வாக்கில் லீவு போஸ்ட் வந்தது, பாதிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள், அம்மா அப்பா எல்லாரும் அந்தக் கமெண்டிலேயே பிடித்து உலுக்கினார்கள். இங்கே எஸ்டேட்டில் ஏழு மணிக்கே ஜீப் கிளம்பிவிடும். எட்டரைக்குப் போஸ்ட் வந்து என்ன.

பெரியாறு ஜீப்காரன்

எல்லாவற்றையும் வாசித்தேன். தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, 2018ல் நீ விழித்திருந்தது பெரிய விஷயம். ஆனால் ஒன்றைக் கவனி, அன்றைக்கு அது வேலை செய்தது ஏன்? நீ நம்பர் சரிபார்த்தாய். போஸ்டுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்தான். பாட்டிக்கு நடுவில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். மனு எழுதினேன், தமிழில். வாங்குகிறவர் முதலில் மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். கிளார்க் அண்ணாச்சி சொன்ன 1969 சட்டத்தைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னதும் ஆளுக்கு முகம் மாறிவிட்டது, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து முத்திரை அடித்துக் கொடுத்தார். ரசீது எண் என் ஜீப்பின் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறது. மஸ்டரிங்கும் முடிந்தது, பாட்டியின் ரேகை தேய்ந்துபோய் மெஷினில் விழவே இல்லை, கொழுந்து பறித்த விரல், கடைசியில் கண்ணைப் படம் பிடித்துச் சரியானது.

வார்டு மெம்பரிடமும் பேசினேன். அவர் நல்ல மனுஷன், தமிழ் பேசுவார், எழுத வராது. இனிமேல் ஆபீஸ் படம் எது வந்தாலும் அதோடு முப்பது விநாடி தமிழில் பேசி அனுப்புவதாகச் சொன்னார். நேற்று முதல் ஆடியோ வந்தது. ஆரஞ்சு அலர்ட், ராத்திரி மலை ரோட்டில் வண்டி வேண்டாம் என்று. பின்னால் அவர் வீட்டு நாய் குரைக்கிறது, நடுவில் 'ஏய் சும்மா இரு' என்கிறார், ஆனால் எங்கள் லயத்தில் எல்லாரும் கேட்டார்கள், பாட்டி இரண்டு தடவை போடச் சொன்னார்.

கொழிஞ்சாம்பாறை பழைய கிளார்க்

நல்லது. ஆடியோவில் தேதி சொன்னாரா?

பெரியாறு ஜீப்காரன்

'இன்றைக்கு' என்று சொன்னார் அண்ணாச்சி. அது காலையில் இன்னொரு குரூப்பிலிருந்து திரும்ப வந்தது. இன்றைக்கு வெயில் அடிக்கிறது, எஸ்டேட்டில் பாதிப் பேர் ஜீப் ஏறவில்லை.

கொழிஞ்சாம்பாறை பழைய கிளார்க்

தேதி சொல்லச் சொல்லுங்கள். கிழமையும் சேர்த்து.